முன்பின் தெரியாதவருக்கு ஒரு மடல்: அம்பத்தூர்ப் பட்டறைகளும் லிங்க்ட்இன்னும்

அம்பத்தூரின் வடபகுதியில், புதூரையும் ஒரகடத்தையும் ஒட்டி இருக்கிறது கள்ளிக்குப்பம். தொழிற்பேட்டைக்கு ஷிப்ட்டுக்குப் போய் வருபவர்களும், அங்கே பல காலம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டவர்களும் வாழும் வட்டாரம். அப்படி ஒரு பட்டறை முதலாளியை மனத்தில் வைத்துக்கொள்வோம். இரண்டு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி., ஆறு ஆட்கள். வேலை கொடுத்துவந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று பழைய மாடலை நிறுத்திவிட்டது. எந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கிறது. பேங்க் தவணை நிற்பதில்லை. லிங்க்ட்இன்னில் தேடினால் பாடி, ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் பர்ச்சேஸ் மேனேஜர்கள் பெயரும் படமுமாக வரிசையாக வருகிறார்கள். அவர்களுக்கு எழுதலாமா? எழுதினால் யாராவது படிப்பார்களா? படித்தால் வேலை வருமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை மாதச் சந்தாவில் மென்பொருள் விற்பவர்களுக்காக எழுதப்பட்டவை. எந்தக் கிழமை அனுப்புவது, முதல் வரியில் பெயரை எங்கே சேர்ப்பது என்று அவை பேசும். சிறுதொழில் செய்பவர் விற்பது மைக்ரான் கணக்கில் அளந்து பார்க்கப்படும் உலோகம். அவருக்கு வேறு கணக்கு வேண்டும். இந்த வட்டாரத்தில் ஆர்டர் வந்த வழிகள், தளம் இயங்கும் விதம், மனித நடத்தை பற்றிய ஆய்வுகள், சட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மடல் அனுப்பும் செலவு குறையக் குறைய, அதைப் பெறுபவரின் நம்பிக்கையும் குறைகிறது. உழைப்பில்லாமல் போலி செய்ய முடியாத ஏதோ ஒன்று மடலில் இருந்தால்தான் பதில் வரும். அந்த ஒன்று, நல்ல பட்டறைக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பேட்டையில் ஆர்டர் வந்த வழிகள்

டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை வரிசையாக எழுந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. இவற்றுக்கு நடுவே 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை செயல்படத் தொடங்கியது. பெரிய ஆலைக்குப் போல்ட்டும் புஷ்ஷும் ஷாஃப்ட்டும் செய்து கொடுக்கச் சிறிய ஆலைகள் சுற்றிலும் முளைத்தன.

அந்தக் காலத்து மார்க்கெட்டிங் பெரும்பாலும் பழக்கம்தான். ஆலையில் ஃபோர்மேனாகவோ டூல் ரூமிலோ இருந்தவர் வெளியே வந்து ஒரு லேத் போடுவார். அவர் கையின் தரம் தெரிந்த பழைய மேலதிகாரி முதல் ஆர்டரைக் கொடுப்பார். அந்த வேலையைப் பார்த்து இன்னொருவர் கொடுப்பார். அடுத்த வழி கண்காட்சி. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஆக்மி எந்திரக் கண்காட்சியில் மாறும் விசிட்டிங் கார்டுகள் பலருக்குத் தொழிலாக மாறியிருக்கின்றன. மூன்றாவது, 1996இல் தொடங்கிய இந்தியாமார்ட் போன்ற இணையச் சந்தை. அதில் ஒரே என்கொயரி ஒரே நேரத்தில் பல பேருக்குப் போகிறது. பேச்சு தரத்தில் தொடங்கினாலும் விலையில் வந்து நிற்கிறது.

பழக்கத்தின் வழி வந்த தொழிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. பழகியவர்கள் எல்லாரும் ஒரே துறையில் இருப்பார்கள். வாகனத் துறை சரிந்தால் உதவி கேட்கப் போகும் நண்பரும் அன்று அதே நிலைமையில் இருப்பார். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலையை நம்பியிருந்த சப்ளையர்கள் இதைக் கண்கூடாக அறிந்தார்கள். தன் வட்டத்துக்கு வெளியே, பம்ப், வால்வு, மருத்துவக் கருவி, ரயில்வே, உணவு எந்திரம் என்று வேறு துறைகளில் ஆள் தெரிந்திருப்பது அப்போதுதான் அருமையாகத் தெரிகிறது.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுவே. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கமுள்ளவர் வழியாகத்தான் வரும். இதை லிங்க்ட்இன்னிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஐந்தாண்டுகளில் இரண்டு கோடிப் பேரின் தொடர்புகளை வைத்து நடந்த சோதனை அது. மிக நெருங்கிய தொடர்பும் சரி, மிக மெல்லிய தொடர்பும் சரி, அவ்வளவாகப் பயன்படவில்லை. இடைப்பட்ட தொடர்பே வேலை மாற அதிகம் உதவியது. கணினிமயம் மிகுந்த துறைகளில் மெல்லிய தொடர்புக்கு வலு அதிகம். குறைந்த துறைகளில் நெருங்கிய தொடர்புக்கு வலு அதிகம் என்றும் அது கண்டது. ஆய்வு வேலை தேடுவதைப் பற்றியது, ஆர்டர் தேடுவதைப் பற்றியது இல்லை. ஆனாலும் லேத் பட்டறைக்கு அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: யாரும் இடையில் இல்லாத வெற்று அறிமுகத்தைவிட, இருவருக்கும் தெரிந்த ஒருவராவது இருக்கும் இடத்தில் கதவு எளிதாகத் திறக்கும்.

தளம் போடும் கணக்கு

லிங்க்ட்இன் 2003 மே மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2016இல் 2,620 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2023இல் உலக உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேல்; அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய கூட்டம் நம்முடையது.

இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் எழுதத் தொடங்கினால் தளமே பாழாகிவிடும். அதனால் நிறுவனம் பல வேலிகளைப் போட்டிருக்கிறது. அறிமுகமில்லாதவருக்கு முதலில் இணைப்பு அழைப்பு அனுப்ப வேண்டும். அதோடு சேர்க்கும் குறிப்புக்கு இலவசக் கணக்கில் 200 எழுத்து, கட்டணக் கணக்கில் 300 எழுத்து வரம்பு. இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் அனுப்பலாம். 2021 முதல் வாரத்துக்கு இத்தனை அழைப்பு என்று கட்டுப்பாடும் வந்துவிட்டது. நிறுவனம் எண்ணை அறிவிக்கவில்லை. நூறை ஒட்டி நின்றுவிடுவதாகப் பயன்படுத்துபவர்கள் சொல்கிறார்கள். அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். பெறுபவர்கள் பலர் ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று அழுத்தினால் கணக்குக்கே கட்டுப்பாடு வரும்.

காசு கட்டினால் இணைப்பு இல்லாமலே இன்மெயில் அனுப்பலாம். அதற்கும் மாத ஒதுக்கீடு உண்டு. 90 நாளுக்குள் பதில் வந்தால் செலவான ஒதுக்கீடு திரும்பக் கிடைக்கும். பதில் பெறத் தக்க மடலுக்குத் தளமே தரும் ஊக்கத்தொகை என்று இதைச் சொல்லலாம். ஆள் எடுப்பவர்கள் அனுப்பும் இன்மெயில்களை ஆராய்ந்து நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 400 எழுத்துக்குள் அடங்கியவை சராசரியைவிட 22 சதவீதம் கூடுதலாகப் பதில் பெற்றன. விற்பனைக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சுருக்கம் நல்லது என்பது மட்டும் பொருந்தும்.

தமிழில் எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி ‘கு’ என்பதை ஓர் எழுத்தாக எண்ணாமல் க, உகரக்குறி என்று இரண்டாக எண்ணும். 300 எழுத்து என்பது தமிழில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் டிராயிங், கொட்டேஷன், மெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடுகின்றன. அதனால் முதல் குறிப்பை எளிய ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறில்லை. எதிரில் இருப்பவர் தமிழர் என்று தெரிந்தால் ‘வணக்கம் சார்’ என்று தொடங்குவது கூடுதல் நெருக்கம் தரும்.

காரணம், செலவு, முகம்

முன்பின் தெரியாதவர் கேட்டதற்கு ஒருவர் ஏன் இணங்குகிறார்? உளவியலாளர் எலன் லாங்கரும் வேறு இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நகல் எந்திரத்தைப் பயன்படுத்தவிருந்தவரிடம் ஐந்து பக்கம் எடுத்துக்கொள்ள வழிவிடும்படி கேட்டார்கள். காரணம் சொல்லாமல் கேட்டபோது 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். ‘நகல் எடுக்க வேண்டியிருப்பதால்’ என்று பொருளற்ற காரணம் சொன்னபோதும், அவசரம் என்று உண்மைக் காரணம் சொன்னபோதும் 90 சதவீதத்துக்கு மேல் வழிவிட்டார்கள். பயிற்சி வகுப்புகள் இதோடு நிறுத்திக்கொண்டு, ஏதாவது ஒரு காரணம் சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுக்கின்றன. ஆய்வின் மறுபாதி முக்கியமானது. கேட்டது 20 பக்கமானபோது வெற்றுக் காரணம் ஒரு பயனும் தரவில்லை. காரணம் இல்லாதபோதும் வெற்றுக் காரணத்தோடும் 24 சதவீதம்தான். உண்மைக் காரணம் மட்டுமே அதை 42 ஆக்கியது. சப்ளையரை மாற்றுவது ஐந்து பக்க விஷயமா, இருபது பக்க விஷயமா என்று பர்ச்சேஸில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இரண்டாவது ஆய்வு பொருளியலிலிருந்து. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதி, 2001இல் நோபல் பரிசு பெறக் காரணமான கருத்து அது. ஆளையோ பொருளையோ நேரில் அறிய முடியாத இடத்தில், தரமில்லாதவர் எளிதில் காட்ட முடியாத அடையாளமே நம்பப்படும். இதை லிங்க்ட்இன்னுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ‘நேற்று நீங்கள் எழுதிய பதிவைப் படித்தேன், அருமை’ என்று தொடங்கும் மடல் ஒரு காலத்தில் உழைப்பின் அடையாளமாக இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அப்படி ஆயிரம் பேருக்கு ஆயிரம் விதமாக எழுத ஒரு மணி நேரம் போதும். எல்லாராலும் செய்ய முடிந்துவிட்டதால் அந்த வரிக்கு மதிப்புப் போய்விட்டது. எந்தப் பொருளில், எந்த அளவு வரை, எத்தனை மைக்ரானுக்குள் செய்ய முடியும் என்று தயங்காமல் எழுதுவது வேறு. தெரியாதவர் எழுதினால் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, நேரில் போவதைப் பற்றியது. மஹ்தி ரோகானிசாத், வனெசா போன்ஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட சோதனையில், அறியாதவர்களிடம் ஒரு படிவத்தை நிரப்பித் தரும்படி நேரில் கேட்டவர்கள், மின்னஞ்சலில் கேட்டவர்களைவிட 34 மடங்கு வெற்றி பெற்றார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலன்தான் இருக்கும் என்றே கேட்டவர்கள் முன்கூட்டி நினைத்திருந்தார்கள். சென்னையில் இருந்துகொண்டு டெக்சாஸில் உள்ளவருக்கு மென்பொருள் விற்பவர் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். கள்ளிக்குப்பத்துக்காரருக்கு இது நல்ல செய்தி. பாடியும் ஆவடியும் தொழிற்பேட்டையும் பைக்கில் எட்டும் தூரம். அவர் மடலில் கேட்க வேண்டியது ஆர்டரை இல்லை. ஒரு கேட் பாஸை.

1913இல் சென்னையிலிருந்து போன மடல்

முன்பின் தெரியாதவருக்கு எழுதிப் பலன் கண்ட கதைகளில் மிகப் பெரியது இந்த நகரத்தைச் சேர்ந்தது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் எச்.எஃப். பேக்கர், ஈ.டபிள்யூ. ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கு எழுதிப் பார்த்தார், பயன் தரவில்லை. மூன்றாவது மடலுக்கு பிப்ரவரி 8 தேதியிட்ட பதில் வந்தது.

அந்த மடலின் அமைப்பை விற்பனைக் கண்ணோடு பார்க்கலாம். தான் யார், எங்கே வேலை, என்ன சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதைச் சில வரிகளில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அடுத்து, ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலின் குறிப்பிட்ட பக்கத்தைச் சுட்டி, அங்கே விடை இல்லை என்று சொல்லப்பட்ட பகா எண் கணக்கைத் தான் அணுகியிருப்பதாகச் சொல்கிறார். ஹார்டியின் வேலையில் ஹார்டியே திறந்து வைத்திருந்த இடம் அது. பிறகு பக்கம் பக்கமாக, நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள். இவற்றுக்கு மதிப்பு உண்டு என்று பட்டால் வெளியிட விரும்புவதாகச் சொல்லி, அறிவுரை கேட்கிறார். பகா எண் பற்றிய அந்த உரிமைகோரல் பின்னால் தவறு என்று தெரிந்தது. ஆனாலும் ஹார்டியும் அவருடைய சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து படித்தார்கள். உடன் வந்த சூத்திரங்களை உண்மையான கணித அறிவு இல்லாத யாராலும் புனைந்திருக்க முடியாது என்று அவர்களுக்குப் பட்டதே காரணம். ஸ்பென்ஸ் பிற்காலத்தில் கோட்பாடாக்கியதைத் துறைமுக எழுத்தர் அப்போதே செய்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. ஹார்டி முதலில் அவரைப் புகழ்ந்து கூப்பிட்டுவிடவில்லை, நிரூபணங்களைக் கேட்டார். நல்ல மடலுக்கு வரும் நல்ல பதில் பெரும்பாலும் இன்னொரு கேள்வியாகவே வரும். ‘சாம்பிள் இருக்கிறதா?’, ‘இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அனுப்புங்கள்’ என்ற பதிலைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. வேலை அங்கேதான் தொடங்குகிறது.

யாருக்கு எழுதுவது

பேக்கரும் ஹாப்சனும் ஹார்டியும் ஒரே பல்கலைக்கழகத்தவர்கள். ஆள் மாறியதும் பலன் மாறியது. ஒரு கம்பெனிக்குள்ளும் இதே கதைதான். பலரும் நேராகப் பர்ச்சேஸ் தலைவருக்கு எழுதுகிறார்கள். அவரிடம் ஏற்கெனவே வெண்டார் கோடு பெற்ற சப்ளையர்கள் வரிசையில் இருக்கிறார்கள். புதிதாக ஒருவரைச் சேர்ப்பது அவருக்குக் கூடுதல் வேலை. சேர்த்தவர் சொதப்பினால் பழியும் அவருக்கே. வாகனத் துறையில் ஐஏடிஎஃப் 16949 தரச்சான்று, பிபிஏபி ஆவணங்கள், நேரடி ஆடிட் என்று வாசற்படிகள் பல.

தேவை யாருக்கு உறைக்கிறதோ அவருக்கு எழுதுவது நல்லது. புது மாடல் உருவாக்கத்தில் இருக்கும் எஞ்சினியருக்குப் பத்து, இருபது எண்ணிக்கையில் சீக்கிரம் சாம்பிள் வேண்டும். பெரிய சப்ளையர் அதைத் தொடமாட்டார். மெயின்டனன்ஸ் பொறுப்பாளருக்கு நின்றுபோன எந்திரத்துக்கு ஒரு ஷாஃப்ட் நாளைக்கே வேண்டும். வெண்டார் டெவலப்மென்டில் இருப்பவருக்குப் புது ஆளைக் கண்டுபிடிப்பதே வேலை. சப்ளையர் குவாலிட்டியில் இருப்பவருக்கு எந்த சப்ளையரிடம் ரிஜெக்‌ஷன் அதிகம் என்று தெரியும். இவர்களில் யாரும் தனியாக ஆர்டர் போட முடியாமல் இருக்கலாம். ஆனால் பர்ச்சேஸுக்கு உள்ளிருந்து ஒரு பெயரைச் சொல்ல முடியும்.

எப்போது எழுதுவது என்பதும் இதோடு சேர்ந்தது. புது ஆலை, புது லைன், இறக்குமதிப் பாகத்தை உள்நாட்டில் செய்யும் முயற்சி, சோர்சிங் பிரிவுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு ஆகியவை தளத்திலேயே வெளிப்படையாகத் தெரியும். பழைய ஏற்பாடு அசையும் நேரம் அது. மார்ச் கடைசியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்திலும், பொங்கல், ஆயுத பூஜை விடுமுறைகளை ஒட்டியும் எழுதுவது வீண்.

சில கதவுகள் இந்த வழியில் திறக்கவே மாட்டா. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் 1 முதல் ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. அதன் தலைமையகமும் ஆவடியே. அங்கே கொள்முதல் டெண்டர் வழியாகவும், 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தையான ஜெம் வழியாகவும் நடக்கும். எந்த அதிகாரிக்கு எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த விதி வளையாது. இறக்குமதி செய்யப்படும் பாதுகாப்புத் துறைப் பாகங்களைப் பட்டியலிட்டு உள்நாட்டில் செய்ய ஆள் தேடும் ஸ்ரீஜன் தளம் 2020 ஆகஸ்டில் வந்தது. அதைப் பார்த்துப் பதிவு செய்வதே அங்கே நேர்வழி.

மடலின் உடல்

நாள்தோறும் மேனேஜர்களுக்கு வரும் மடல்கள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள முன்னணி நிறுவனம். அனைத்து வகை டர்னிங், மில்லிங், கிரைண்டிங் வேலைகளும் உயர்ந்த தரத்தில், குறைந்த விலையில் செய்து தருகிறோம். எங்களுக்கு ஒரு வாய்ப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.’

பணிவில் குறையில்லை. பெயரை மாற்றினால் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதே இதன் நோய். ‘அனைத்தும் செய்வோம்’ என்ற சொல்லைக் கேட்டதும், எதையும் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள் என்று அனுபவமுள்ள பர்ச்சேஸ்காரர் எடுத்துக்கொள்வார். ‘குறைந்த விலை’ என்ற சொல், பேரத்தை அவர் வாய்திறக்கும் முன்பே தொடங்கி வைக்கிறது.

அதே பட்டறை, இன்மெயிலிலோ அழைப்பு ஏற்கப்பட்ட பிறகோ, இப்படியும் எழுதலாம்:

‘வணக்கம் சார். உங்கள் பம்ப் பிரிவில் வெண்டார் டெவலப்மென்டுக்கு ஆள் எடுப்பதைப் பார்த்தேன். எங்கள் பட்டறை அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்ட், 40 மி.மீ. விட்டம் வரை, 20 மைக்ரானுக்குள் செய்கிறோம். ஐம்பது, நூறு என்று சின்ன லாட்டும் எடுப்போம். இந்த மாதிரி வேலை வெளியில் கொடுப்பதுண்டா? இருந்தால் ஒரு சாம்பிளோடு நேரில் வந்து காட்டுகிறேன். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி போதும்.’

ஏன் இவருக்கு, ஏன் இப்போது என்பது முதலில் வருகிறது. லாங்கர் ஆய்வு சொன்ன உண்மைக் காரணம் அது. திறமை ஒரே ஒரு வேலையாகச் சுருங்கி, அளந்து சரிபார்க்கக்கூடிய எண்களோடு நிற்கிறது. பெரியவர்கள் விரும்பாத சின்ன லாட் என்பதில் பட்டறையின் சிறுமையே அதன் பலமாகிறது. இடத்தின் பெயர், வந்து பார்க்கலாம் என்ற அழைப்பாக வேலை செய்கிறது. கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று நின்றவாக்கில் பதில் சொல்லிவிடலாம். விலையும் இணைப்புக் கோப்பும் இல்லை. அவற்றின் வேளை டிராயிங் வந்த பிறகு.

ஒரு நிபந்தனை உண்டு. எழுதிய எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். 20 மைக்ரான் என்று எழுதிவிட்டு, சாம்பிள் 40இல் நின்றால் அந்தக் கம்பெனியில் மட்டும் கதவு சாத்தப்படுவதில்லை. சோர்சிங் ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்கள். நினைவையும் கூடவே எடுத்துப் போவார்கள்.

மடலுக்குப் பின்னால்

மடலைத் திறப்பவர் பதில் எழுதும் முன் அனுப்பியவரின் பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ‘நிர்வாக இயக்குநர்’ என்ற பட்டமும் பூங்கொத்து வாழ்த்துகளும் மட்டும் இருந்தால் பேச்சு முடிந்தது. எந்த எந்திரம், என்ன அளவு, எந்தப் பொருள், எந்த அளவுக் கருவி என்ற விவரமும், செய்த பாகங்களின் படங்களும் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் டிராயிங்கையோ, அவர்கள் பெயர் பொறித்த பாகத்தையோ அனுமதியில்லாமல் போடக் கூடாது. மற்றவர் ரகசியத்தைக் காக்காதவர் என் ரகசியத்தையும் காக்கமாட்டார் என்று பார்ப்பவர் கணக்குப் போடுவார். 2023 முதல் இந்திய உறுப்பினர்கள் ஆதார் வழியாக அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. போலிக் கணக்குகள் மலிந்த இடத்தில் அந்தச் சிறு குறியும் உதவும்.

பதில் வராதது மறுப்பு என்று ஆகாது. ஷிப்ட், லைன் நிறுத்தம், ஆடிட் என்று ஓடுபவர் பார்த்துவிட்டு மறந்திருப்பார். ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை, இன்னும் ஒரு மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும்: புதிதாக வந்த எந்திரம், முடித்த ஒரு கடினமான வேலை, காலியாக இருக்கும் ஷிப்ட். ‘என் மெசேஜைப் பார்த்தீர்களா சார்?’ என்று மட்டும் கேட்பது கடன் வசூல் போல ஒலிக்கும். அதற்கு மேல் எழுதாமல், அவர் பதிவுகளில் தெரிந்த விஷயம் வரும்போது உருப்படியாக ஒரு கருத்து எழுதிவிட்டு இருப்பதே மரியாதை. தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் போய் நிற்பது, திறக்கவிருந்த கதவையும் மூடிவிடும்.

எந்திர அனுப்பலும் சட்டமும்

மாதச் சந்தா கட்டினால் அழைப்பு, நினைவூட்டல் எல்லாவற்றையும் தானாக அனுப்பித் தரும் கருவிகள் சந்தையில் நிறைய. லிங்க்ட்இன்னின் உறுப்பினர் ஒப்பந்தம் இத்தகைய தானியங்கிகளையும், விவரங்களைச் சுரண்டி எடுக்கும் கருவிகளையும் தடை செய்கிறது. பிடிபட்டால் கணக்கு முடங்கும். விவரச் சுரண்டல் பற்றி ஹைக்யூ லேப்ஸ் என்ற நிறுவனத்துடன் 2017இல் தொடங்கிய அமெரிக்க வழக்கில், பொதுவெளியில் உள்ள விவரத்தை எடுப்பது கணினி ஊடுருவல் குற்றமாகாது என்ற போக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேசியது. ஆனால் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்றே 2022இல் முடிவானது. ஆறு பேர் பட்டறைக்கு இந்த வழக்கால் விளங்குவது எளிது: தன் பெயரிலுள்ள ஒரே கணக்கை ஒரு கருவியின் கையில் கொடுப்பது நட்டக் கணக்கு.

இந்தியாவில் தொலைபேசி, குறுஞ்செய்தி வழி விற்பனையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த விவரத்துக்குப் பொருந்தாது. ஆனால் தரகர்கள் விற்கும் மொபைல் எண் பட்டியல், அந்த மேனேஜர் தாமே வெளியிட்டது இல்லை. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஏற்றுமதி ஆசை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் முன் இசைவில்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவது, கம்பெனிக்குக் கம்பெனி எழுதினாலும்கூட, முறையற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தில் சிக்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆபத்து வரும். பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி என்று சொல்லி, வெண்டார் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லும் மோசடிகள் உண்டு. பதிவுக்குக் காசு கேட்டு ஆசை காட்டுபவர் யாரானாலும், அந்தக் கம்பெனியின் பொதுத் தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதி செய்த பிறகே பேச வேண்டும்.

எதை எண்ணுவது

லிங்க்ட்இன் ஆர்டர் கொடுக்கும் இடமாக இங்கே ஆகப்போவதில்லை. அது ஆளைக் கண்டுபிடிக்கவும், நேரம் பார்க்கவும், கேட்டுக்குள் நுழையவும் பயன்படும் ஒரு வழி. அதன் பிறகு சாம்பிள், அளவு ரிப்போர்ட், சொன்ன தேதியில் டெலிவரி ஆகிய பழைய காரியங்களே தொழிலை முடிவு செய்யும். கிடைத்த வாடிக்கையாளரிடம் பணம் வருமா என்பதையும் முன்பே விசாரிப்பது நல்லது. உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, கட்டும் வரை செலவாகக் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதியும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. மடலுக்கு விரைந்து பதில் சொல்பவர் எல்லாரும் பில்லுக்கு விரைந்து பணம் தருபவர்கள் ஆவதில்லை.

இதில் தனி முதலாளியின் திறமை ஓரளவுக்குத்தான் போகும். ஐமா போன்ற சங்கங்கள் கண்காட்சிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக் காட்டி, எந்தப் பட்டறையில் எந்தப் பொருளில் எந்த அளவு வரை செய்ய முடியும் என்ற சரிபார்த்த திறன் பட்டியலைத் தளத்தில் வைத்தால், உறுப்பினர் எழுதும் ஒவ்வொரு மடலுக்கும் பின்னால் ஒரு சாட்சி நிற்கும். ‘இடைப்பட்ட தொடர்பு’ என்று 2022 ஆய்வு சொன்னதை ஓர் அமைப்பே செயற்கையாக உண்டாக்கித் தருவதாக அது இருக்கும்.

அதுவரை, பட்டறை முதலாளி தன் உழைப்பை வைக்க வேண்டிய இடம் அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் இருக்கிறது. நூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பும் நேரத்தில் ஐந்து பேரைப் படித்து, ஐந்து மடல் எழுதலாம். வாரக் கடைசியில் சரிபார்க்க ஒரு கணக்குப் போதும்: எத்தனை டிராயிங் கைக்கு வந்தது. அது பூஜ்யம் என்றால் அடுத்த வாரம் ஐந்நூறாகக் கூட்டுவதில் பயனில்லை. எழுதிய ஆள் தவறா, சொன்ன வேலை அவர்களுக்குத் தேவையில்லாததா, காட்டிய எண்ணில் வலு இல்லையா என்று பார்த்து, அந்த ஐந்தையே மாற்றி எழுத வேண்டும்.